மேஸ்திரியக்காவும் ஒரு கேன் தண்ணீரும்

பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சென்ட்ரிங் வேலைக்குப் போகும் நம் காலனி இளைஞன் ஒருவன் சைக்கிளை நிறுத்தினான். இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அண்ணா, மேஸ்திரியக்கா ஹோகிபிட்ரு" என்றான். தமிழ்ப் பையன்தான். சாவுச் செய்திகூட அவனுக்குக் கன்னடத்தில்தான் வாயில் வருகிறது. போய்விட்டார் என்று அவன் சொன்னது புரியாமல் இல்லை. இருந்தும் "எங்கே?" என்று கேட்டு வைத்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெடலை மிதித்தான்.

முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் கல்யாணப் பந்தியில் என்னைக் கைகாட்டிச் சிரிக்க ஆள் இல்லை என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

நம் சங்க மலருக்கு மாதம்மா அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது, எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது என்னை ஏன் இழுக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். "அவங்க பக்கத்துல அதிக நாள் உட்கார்ந்தவன் நீதானப்பா" என்றார்கள். அது உண்மைதான். அக்காவின் லாரியை ஓட்டியவன் நான். கேபினில் எனக்குப் பக்கத்து இடம் அவருடையது. ஆனால் உட்கார்ந்து மட்டுமா இருந்தேன்? அவர் வலது கை எப்படிப் போனது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அக்கா சொன்ன வேடிக்கைக் கதை தெரியும். எனவே நான் லாரியைப் பற்றித்தான் எழுத முடியும். அதில்தான் அக்காவும் இருக்கிறார், என் பங்கும் இருக்கிறது.

மார்டள்ளிப் பக்கத்திலிருந்து சித்தாளாக மைசூர் வந்தவர் மாதம்மா அக்கா. சிமென்ட் கலவை சுமந்தவர், பிறகு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போகும் மேஸ்திரி ஆனார். பெண் மேஸ்திரி என்று முதலில் சிரித்த கான்ட்ராக்டர்கள், சொன்ன ஆள் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்தபின் சிரிப்பதை நிறுத்தினார்கள். "வேல நிக்கக் கூடாதுப்பா. நாம வேணா நின்னுக்கலாம்" என்பார். அந்த நேரம் தவறாமைக்காகத்தான் அவர் ஒரு லாரியை ஏலத்தில் எடுத்தார். மூக்கு நீண்ட பழைய மாடல். மர டிப்போவில் உழைத்துக் களைத்து வந்த வண்டி. காலையில் காலனி வாசலில் அதை நிறுத்தினால், பெண்கள் கலவை சுமக்கும் பாண்டுச் சட்டியும் சாப்பாட்டுத் தூக்கும் குடிதண்ணீர்க் குடங்களுமாகப் பின்னால் ஏறுவார்கள், ஆண்கள் மண்வெட்டியோடு தொற்றிக்கொள்வார்கள். அக்கா ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி ஏற்றிவிட்டு, கடைசியில் முன்னால் வந்து உட்காருவார்.

அந்த வண்டிக்கு ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். மற்ற லாரிகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று, அவ்வளவுதான். எங்கள் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பார்கள். வருடத்தில் முடித்துக்கொடுத்த வீடுகளில் மிச்சமாகும் பெயின்ட் டப்பாக்கள் அக்கா வீட்டுக் கட்டிலுக்கடியில் சேரும். பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். பாடிக்கு மட்டுமில்லை, என்ஜினுக்கும் பெயின்ட். சுவர் வேலை செய்து பழகிய கைகள் அல்லவா, துரு தேய்த்து, பட்டி பார்த்து, பள்ளம் மேடு சமன்செய்து, பிறகுதான் பெயின்ட். ஒரு வருடம் என்ஜின் பச்சை, மறு வருடம் வெளிர்நீலம். பானெட்டைத் திறந்தால் புதுமனை புகுவிழாவுக்கு வந்தது போல இருக்கும். வழியில் பார்க்கும் டிரைவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த வருடம் கோடையில் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பிவிட்டுக் கிளம்புவேன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கேதான் எங்களுக்கு வேலை. போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. ஹீட் காட்டும் முள்ளோ நான் வண்டியைத் தொடும் முன்பே செத்துப்போனது. என் மூக்குதான் முள். சூடேறினால் ஒரு துரு வாசனை வரும், அப்போது ஓரம் கட்டுவேன்.

ஹோஸ்களைப் பார்த்தேன், கிளிப்புகளை மாற்றினேன், மூடியைப் புதிதாகப் போட்டேன். ராத்திரி வண்டிக்கடியில் சிமென்ட் சாக்குக் காகிதத்தை விரித்து வைத்தோம். காலையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. அக்கா குனிந்து காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நிக்கறப்ப குடிக்கறதில்ல. ஓடறப்பதான் குடிக்குது. உன்ன மாதிரி இல்ல, நீ நின்னாலும் குடிப்ப" என்றார். நான் டீ குடிப்பதைத்தான் சொன்னார். பின்னாலிருந்த பெண்களுக்கு அன்று முழுக்க அது போதுமானதாக இருந்தது.

மெக்கானிக் நஞ்சுண்டண்ணா ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைக்கிறவரிடம் கொண்டுபோனார். தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்ததில் ஒரு மயிரிழை ஓட்டை அகப்பட்டது. ஈயம் வைத்து அடைத்து, கண்டுபிடித்துவிட்டோம் என்று கொண்டாடி, மறுநாள் ஓட்டினால் பழைய கதைதான். அடுத்து ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று பயந்தோம். போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்திருக்கும், ரேடியேட்டருக்குள் குமிழி கிளம்பும், புகை வெள்ளையாக வரும். ஒன்றுமே இல்லை. ஆயில் கறுப்பாக, யோக்கியமாக இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று குண்டலுபேட்டை மஞ்சளை இடித்து ரேடியேட்டரில் போட்டேன். சின்ன ஓட்டையாக இருந்தால் அடைத்துக்கொள்ளுமாம். தண்ணீர் மஞ்சளாகக் காணாமல் போனதுதான் மிச்சம். கடைசியில் நஞ்சுண்டண்ணா கையைத் துடைத்துக்கொண்டு, "நீரு ஹாக்கு, ஓடிசு" என்றார். தண்ணீரை ஊற்றி ஓட்டு என்பதற்கு மேல் அவரிடம் வைத்தியம் இல்லை.

அன்றிலிருந்து கேபினில் அக்காவின் காலடியில் தண்ணீர்க் கேன்கள் வந்து உட்கார்ந்தன. தெருக்குழாயில் பிடித்துத் தூக்கி வருவது அவரேதான். நான் வாங்கப் போனால், "நீ ஓட்டறதப் பாரு. இது என்ற பாடு" என்பார். வழியில் ஓரம் கட்டுவது, ஆறவிடுவது, ஊற்றுவது என்று தினமும் தாமதமானது. கான்ட்ராக்டர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் நேரத்துக்கு வராவிட்டால் வேறு கூட்டத்தை இறக்கிவிடுவேன் என்று. கான்கிரீட் பாதியில் நிற்க முடியாது, முதல் பாண்டு விழும்போதே ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவர் சொன்னதில் தப்பில்லை. வேலை போனால் அந்தக் கோடையில் எங்கள் கூட்டத்துக்கு வேறு வேலை இல்லை என்பதும் உண்மை.

கான்கிரீட் நாளன்று விடிவதற்குள் கிளம்பினோம். அப்படியும் பாதி வழியிலேயே துரு வாசனை வந்துவிட்டது. நிறுத்தி ஒரு கேனை ஊற்றினேன், போதவில்லை. மிச்சமிருந்த ஒரு கேனை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து குடிதண்ணீர்க் குடங்களை இறக்கச் சொன்னார் அக்கா. பெண்கள் இறக்கிக் கொடுத்தார்கள். அதையும் ஊற்றிக்கொண்டு ஓடினோம். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் ஆவி. அந்த இடம் அத்துவானம். கபினி ஆற்றுக்கு இன்னும் தூரம். கையில் இருந்தது அந்த ஒரே ஒரு கேன்.

ஆறட்டும் என்று காத்திருந்தோம். நான் எங்காவது சொட்டுகிறதா என்று பார்க்க வண்டிக்கடியில் நுழைந்தேன். நுழையும் முன் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. கீழேயிருந்து, "ஆறிருச்சுங்கக்கா, தெறங்க" என்றேன்.

ஹோஸில் தண்ணீர் இருந்தால்தான் ஹோஸ் சுடும். தண்ணீர் வற்றிப்போனால் ஹோஸ் ஆறியிருக்கும், உள்ளே ஆவி மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். டிரைவராக இருக்கிறவனுக்கு இது தெரிய வேண்டும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அவசரத்தில் தோன்றவில்லை. அக்கா முந்தானையை மடித்து மூடியின்மேல் வைத்துத் திருகினார். அவர் போட்ட சத்தத்தில் நான் எழப்போய் சேஸிஸில் தலையை இடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து பார்த்தபோது வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். விரல்களிலிருந்து மணிக்கட்டு வரை வெந்திருந்தது. பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். நான் கேனைத் தூக்கினேன். அவர் கையை நோக்கித்தான் தூக்கினேன். அதை மட்டும் நம்புங்கள்.

"கைக்கு வேண்டாம். வண்டிக்கு ஊத்து" என்றார் அக்கா.

"அக்கா..."

"ஊத்துன்னா ஊத்து! பொழுது ஏறுது. இத்தன பேரு பொழப்புப்பா!"

ஊற்றினேன்.

சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றக் கூடாது, ஹெட் வெடித்துவிடும். எனவே என்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஊற்றி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் ஊற்றினேன். அவ்வளவு பக்குவமாக நான் எந்த வண்டிக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை. அக்கா பக்கத்தில் நின்று கையை ஊதிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற நம் பெண்களில் ஒருத்தியும், ஆண்களில் ஒருவனும் "அதுல பாதிய அந்தக் கைல ஊத்துடா" என்று சொல்லவில்லை. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கேன் என் கையில்தானே இருந்தது. கேன் காலியானதும், "ஒண்ணுமில்ல, ஆவி பட்டுச்சு. ஏறுங்க, ஏறுங்க" என்று அவர்தான் எல்லோரையும் ஏற்றினார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கான்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஆட்களை வரிசையில் நிறுத்தி, முதல் பாண்டு கைமாறிய பிறகே அக்கா என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உடனே தண்ணீர் ஊற்றவில்லையா?" என்று என்னைத்தான் கேட்டார். "தண்ணீர் இல்லை சார்" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் வண்டி நஞ்சுண்டண்ணாவின் ஷெட்டில் நின்றது. கையில் கட்டோடு அக்கா தினமும் அங்கே வந்து ஒரு டயர்மேல் உட்காருவார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் எழுந்து வந்து, பானெட்டுக்குள் குனிந்து, ஃபேனுக்குப் பின்னால் வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இங்க பெயின்ட் கொப்பளிச்சிருக்குது பாரு."

"சூட்டுக்கு அக்கா. எல்லா வண்டியிலும் இப்படித்தான்" என்றார் நஞ்சுண்டண்ணா.

"சூட்டுக்கு வெடிக்கும், உரியும். இப்புடிக் கொப்பளிக்காது. சுவத்துல ஓதம் ஏறுனா கொப்பளிக்கும். பின்னால தண்ணி நிக்குதுங்கண்ணா."

நஞ்சுண்டண்ணா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வளையலில் மாட்டியிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றப் பார்த்தார், கட்டுப்போட்ட கையால் முடியவில்லை. என்னிடம் கையை நீட்டினார். நான் கழற்றி, கொப்புளத்தில் குத்தினேன். துருப்பிடித்த தண்ணீர் என் விரல்வழியாக ஓடி முழங்கையில் சொட்டியது. "எனக்கு வந்ததாட்டவே இதுக்கும் வந்துருக்குது" என்றார் அக்கா. அதற்கு நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

பெயின்ட்டைச் சுரண்டிய நஞ்சுண்டண்ணா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதற்குள் பட்டி வைத்து, வழித்து, சமன்செய்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். "அய்யய்யோ, இது இருக்கணும் அக்கா! உள்ள சீல் ஹோதரே சொல்றதுக்குன்னு வெச்ச ஓட்டை இது!" சீல் தேய்ந்தால் அந்த ஓட்டை வழியாகச் சொட்டும், சொட்டுவதைப் பார்த்து டிரைவர் தெரிந்துகொள்வான். எங்கள் வண்டியில் சொட்ட வழியில்லை. தண்ணீர் உள்ளே தேங்கி, பம்ப் சுற்றும்போது மட்டும் தண்டு வழியாகக் கசிந்து, ஃபேன் காற்றில் பொடிப்பொடியாகப் பறந்து, சூட்டில் காய்ந்து போயிருக்கிறது. நின்றால் கசிவே இல்லை. சாக்குக் காகிதம் எப்படி நனையும்?

ஓட்டையைக் கண்டால் கட்டட வேலைக்காரர்களின் கை சும்மா இருக்காது. யார் அடைத்தது என்று விசாரித்தபோது, ஒவ்வொருவரும் நானாக இருக்கலாம் என்றார்கள். உண்மையில் யாருக்குமே நினைவில்லை. நானாகவும் இருக்கலாம். சுரண்டிப் போட்ட பெயின்ட் சில்லுகளை மறுநாள் பெண்கள் கையில் வைத்துப் பார்த்து, இது சரஸ்வதிபுரத்து வக்கீல் வீட்டு ஜன்னல் பச்சை, இது குவெம்புநகர் டீச்சரம்மா வீட்டு நீலம், இந்தக் கிரீம் அந்தக் கஞ்சன் வீட்டு ஹால் என்று அடையாளம் சொல்லிச் சிரித்தார்கள். நஞ்சுண்டண்ணா பம்பைக் கழற்றிப் புது சீலும் பேரிங்கும் போட்டு, கேஸ்கட் வைத்து மாட்டினார். பெல்ட்டை முறுக்கிவிட்டு, ரேடியேட்டரை நிரப்பி, நஞ்சன்கூடு வரை போய் வந்தோம். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது. சந்தோஷத்தில் கத்தப்போனவன் அக்காவின் கட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கொப்புளத்தைத் தினமும் காலையில் பானெட்டைத் திறக்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழைய பெயின்ட் என்று விட்டிருந்தேன்.

கட்டு பிரித்தபோது இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தோல் இறுகிப்போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சொன்னபடி எண்ணெய் தடவி, மடக்கி, நீட்டி எல்லாம் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை. அதிலிருந்துதான் அக்கா ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தார். இடது கையில் சாப்பிட மனம் வரவில்லை அவருக்கு. வலது கையின் மீதி விரல்களில் ஸ்பூனை இடுக்கிக்கொள்வார்.

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எங்கே போனாலும் பந்தியில் அக்கா மடியிலிருந்து ஸ்பூனை எடுப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். உடனே என்னைத் தேடிக் கைகாட்டுவார். "அதோ உக்காந்திருக்குறானே முருகேசு, அவந்தான் என்னத் துரைசானி ஆக்குனவன். வண்டிக்கடில படுத்துக்கிட்டு 'ஆறிருச்சுங்கக்கா, தெறங்க'ன்னான் பாருங்க!" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எனக்குப் பிறகு சாம்பார் இறங்காது. கேனைப் பற்றி ஒரு நாளும் அந்தக் கதையில் சொன்னதில்லை. கதை எப்போதும் மூடி திறந்ததோடு முடிந்துவிடும். தனியாக இருக்கும்போது இரண்டொரு முறை நான் பேச்செடுத்திருக்கிறேன். "ஹோக்லி பிடு" என்று கன்னடத்தில் வெட்டிவிடுவார். போகட்டும் விடு என்று அர்த்தம். மனம் விட்டுப் பேச வேண்டிய இடங்களில் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

அதற்குப் பிறகும் நான்தான் ஓட்டினேன். வேறு டிரைவரை வைக்கச் சொல்லிச் சிலர் அவரிடம் சொன்னது எனக்குத் தெரியும். வண்டி இனி ஓடாது என்று உடைக்கக் கொடுக்கும் வரை அக்கா என் பக்கத்து இடத்தில்தான் உட்கார்ந்து வந்தார். பிறகு எனக்குப் பள்ளி வேனில் வேலை கிடைத்தது. அவர் மூச்சிரைப்பு வந்து வீட்டோடு இருந்தார். போய்ப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். வேலை அதிகம் என்று அவர் மகள் செல்வியிடம் சொல்லிவைத்தேன். ஸ்பூனைப் பார்க்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

கடைசியாகப் போனது சென்ற மாதம். செல்வி காபி கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேன் எப்படி ஓடுகிறது என்று கேட்டார், சொன்னேன். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"அக்கா, அந்தக் கேன் தண்ணிய நான் உங்க கைல ஊத்தியிருக்கணும்."

ஹோக்லி பிடு என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆமா. ஊத்தியிருக்கணும்" என்றார்.

"நீங்கதான் வண்டிக்கு ஊத்தச் சொன்னீங்க..."

"நாஞ் சொன்னேன். சொல்றது என்ற வேல. இத்தன பேரக் கூட்டிட்டுப் போறவ வேற என்ன சொல்லுவா? கேக்காம இருந்திருக்க வேண்டியது உன்ற வேல. ஒரு சொம்பு, முருகேசு. ஒரு சொம்பு ஊத்திட்டு மிச்சத்த வண்டிக்கு ஊத்தியிருந்தா வண்டி நின்னா போயிருக்கும்?"

"கோவமா இருந்தீங்களாக்கா?"

"இருக்காதா? ரெண்டு வருசம் இருந்துச்சு. உம் பக்கத்துல உக்காந்துக்கிட்டே இருந்துச்சு."

"அப்ப ஏன் என்ன வெச்சுச் சிரிச்சீங்க?"

"அழுதுக்கிட்டுச் சொல்லியிருந்தா எவ உன் வண்டில ஏறுவா? நீயும் வெக்கப்பட்டுக்கிட்டு ஊருக்கு ஓடிருப்ப. வண்டிய ஆரு ஓட்டறது?"

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் வந்தது. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இருமல் அடங்கியதும், "இப்ப?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அக்கா யோசித்தார். என்னைச் சமாதானப்படுத்த ஒரு பொய் தேடுகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறார்.

"இப்பவும் சோத்தப் பெசையத் தோணறப்பக் கொஞ்சம் வரும். அப்புறம் போயிரும்" என்றார்.

செல்வி கடையிலிருந்து வந்தாள். நான் எழுந்தேன். "அடுத்த வாரம் வா" என்றார். வருகிறேன் என்றேன், போகவில்லை. பள்ளியில் பரீட்சை நேரம், கூடுதலாக ஒரு நடை ஓட்டினேன் என்பதெல்லாம் உண்மைதான். உண்மையாக இருந்து என்ன செய்ய?

சடங்குகள் முடிந்து எல்லோரும் காலனி வாசலில் நின்றபோது, உங்களில் பலர் என் தோளைத் தொட்டுச் சொன்னீர்கள்: அக்கா உன்னை என்றைக்கோ மன்னித்துவிட்டார், எத்தனை பந்தியில் சொல்லிச் சிரித்திருக்கிறார், அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்று. நல்ல மனதோடு சொன்னீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அது அப்படி இல்லை. எல்லோருக்கும் அக்கா சிரிப்பைக் கொடுத்தார். என் ஒருவனிடம்தான், நான் நேருக்கு நேர் கேட்டேன் என்பதற்காக, கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வாழ்நாள் முழுக்க என்னைக் காப்பாற்றிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை என்னைக் காப்பாற்றாமல் விட்டார். அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கொஞ்சம் கோபம்தான். சாப்பாட்டுக்கு உட்காரும்போது அது வருகிறது. என் கையால் சோற்றைப் பிசைகிறேன், சாப்பிட முடிகிறது, ஆனால் வருகிறது. தயவுசெய்து ஆறுதல் சொல்லி அதை என்னிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்.